கேரட்டைச் சோதிக்கக் கேட்கும் உரிமை: கடையை விட்டு இறங்கினால் போய்விடும்

டிடிடி என்ற பூச்சிமருந்தை விவசாயத்தில் பயன்படுத்த 1989-இல் தடை வந்தது. எண்டோசல்ஃபான் என்ற இன்னொரு பூச்சிமருந்தை 2011-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. தடை போட்டதும் மண் சுத்தமாகிவிடாது. டிடிடி மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் கிடக்கும். பூசணி, கேரட் போன்றவை அதை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே ஏறியது கழுவினால் போகாது. சாப்பிடுகிறவர்களின் உடல் கொழுப்பில் தங்கித் தாய்ப்பால்வரை வருகிறது.

சந்தேகப்பட்டால், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 40-ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். தவறு உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அறிக்கை நடவடிக்கைக்கும் போகும்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சோதிக்கப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வந்து யோசித்தால் இந்தப் பிரிவு உதவாது. வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் கையெழுத்து வாங்குங்கள். பெங்களூரு சிட்டி மார்க்கெட் நடைபாதையில் பில்லும் கிடைக்காது, கையெழுத்தும் கிடைக்காது. பில்லில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கும் கடையில் வாங்குங்கள். விவசாயியிடம் தோட்டத்திலேயே வாங்கியதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நேரடியாக வாங்கினால் நல்லது என்று நம்பிப் போகிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

பிறகு அலைச்சல். 'உணவுப் பாதுகாப்பு அதிகாரி அனுப்பினால்தான் எடுப்போம்' என்று ஆய்வகத்தில் சொல்வார்கள்; அதிகாரியோ ஆய்வகத்துக்கே போகச் சொல்வார். அதிகாரி வழியாகத்தான் வர வேண்டும் என்று 40-ஆம் பிரிவு சொல்லவே இல்லை. பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகை கேளுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். கன்னடத்தில் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாதவர்கள் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் ஏராளம். தெரிந்தவரிடம் விண்ணப்பத்தை முன்பே எழுதி வாங்கிப் போங்கள். இல்லாவிட்டால் அதையே சாக்காக வைத்து நாளைக்கு வரச் சொல்வார்கள், அதற்குள் கீரை அழுகிவிடும். பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் வசதி அங்கே இருக்கிறதா, எவ்வளவு எடை வேண்டும், கட்டணம் எவ்வளவு என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். 'சோதனை செய்யவும்' என்று மட்டும் எழுதினால் வேறு எதையாவது பார்த்துவிட்டு 'சரி' என்று அனுப்பிவிடுவார்கள். 'பூச்சிமருந்து எச்சம்' என்றே எழுதுங்கள். தனியார் ஆய்வக அறிக்கை உங்கள் மன நிம்மதிக்கு மட்டும்.

மண்வள அட்டையைக் காட்டி 'எங்கள் மண் சுத்தம்' என்பவரை நம்ப வேண்டாம். அதில் தழை, மணி, சாம்பல் சத்து, கார அமில நிலை என்று 12 அளவுகள் உண்டு. பூச்சிமருந்து அதில் இல்லை.

கட்டணம் கட்ட முடியாதவர்கள் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 1800-112-100 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.