செரெங்கெட்டியில் உச்சிவெயில் நேரம்

டான்சானியாவில் காலை ஏழு மணியை சுவாஹிலி பேசுகிறவர்கள் ஏழு என்று சொல்வதில்லை. 'சா மோஜா' என்பார்கள், அதாவது மணி ஒன்று. சூரியன் எழுந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது என்று கணக்கு. நம் பஞ்சாங்கத்தில் உதயம் முதல் நாழிகை எண்ணுவதைப் போலத்தான். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வெறும் இரண்டு, மூன்று டிகிரியில் இருக்கும் ஊரில் ஆண்டு முழுக்க சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் எழும் என்பதால் இந்தக் கணக்கு அங்கே பிசகுவதே இல்லை.

செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் சஃபாரி போகிறவர்களின் நாளும் இந்தக் கடிகாரப்படிதான் நடக்கிறது. இருட்டு விலகும்போது வண்டி கிளம்பும். பதினோரு மணி வாக்கில் விடுதிக்குத் திரும்பிச் சாப்பாடு, தூக்கம். நாலு மணிக்கு மறுபடி புறப்பாடு. மத்தியானத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது என்பது எல்லாரும் சொல்வது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓட்டமும் வேட்டையும் இருக்காதுதான். ஆனால் அந்த விலங்குகளின் உடம்புக்குள் இருக்கும் நுட்பமான ஏற்பாடுகள் முழுவீச்சில் வேலை செய்வது அந்த நேரத்தில்தான்.

காலையிலிருந்தே தொடங்கலாம். பூங்காவின் நடுவிலுள்ள செரோனேரா பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலை மாத விடியலில் ஸ்வெட்டர் இல்லாமல் திறந்த வண்டியில் நிற்க முடியாது. இரவெல்லாம் நடமாடிய சிங்கங்கள் அந்நேரம் வயிறு தரையைத் தொட அசைந்து அசைந்து திரும்பிக்கொண்டிருக்கும். ஒன்பது மணிக்குள் ஏதாவது 'கோப்யே' மேல் ஏறிப் படுத்துவிடும். சமவெளிக்கு நடுவே தீவுபோல் துருத்தி நிற்கும் கருங்கல் குன்றுக்கு அங்கே அதுதான் பெயர். மேலே காற்று வரும், பாறையிடுக்கில் நிழல் கிடைக்கும்.

சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை சும்மா கிடக்கும். சோம்பேறித்தனம் என்று சிரிக்கிறோம். அதற்கு நம்மைப் போல உடம்பெங்கும் வியர்க்காது. சூடு தணிய நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைக்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அருமையான குளிர்சாதனம், ஆனால் செலவாவது உடம்பிலுள்ள தண்ணீர். அசையாமல் கிடந்தால் அந்தச் செலவு மிச்சம். மல்லாந்து, மயிர் குறைந்த அடிவயிற்றைக் காற்றுக்குக் காட்டிக் கிடக்கும் சிங்கம் தன் ரேடியேட்டரைத் திறந்து வைத்திருக்கிறது என்று பொருள்.

ஆண் சிங்கத்தின் பாடு இன்னும் திண்டாட்டம். பேட்டன் வெஸ்ட், கிரேக் பேக்கர் இருவரும் செரெங்கெட்டியில் அகச்சிவப்புக் கேமரா வைத்து அளந்து 2002-ல் வெளியிட்ட ஆய்வு, கறுத்த பிடரி உள்ளவைக்கு உடம்புச் சூடு கூடுதல் என்று காட்டியது. அப்புறம் ஏன் கறுப்புப் பிடரி? அவர்கள் பிடரி மாற்றிய பொம்மைச் சிங்கங்களைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள். பெண் சிங்கங்கள் கறுப்புப் பிடரியை நாடிப் போயின. வெயிலில் வேகிற விலையைக் கொடுத்துத்தான் அந்த மாப்பிள்ளை முறுக்கு!

சிங்கம் படுத்த பிறகு சிவிங்கிப்புலிக்கு வேலை நேரம். இரையைப் பிடுங்கிக்கொள்ளும் சிங்கமும் கழுதைப்புலியும் அடங்கிய பகல் அதற்குப் பாதுகாப்பு. போட்ஸ்வானாவில் கழுத்துப்பட்டைக் கருவி மாட்டி அளந்தபோது அதன் உச்ச வேகம் மணிக்கு 93 கிலோமீட்டர். ஆனால் துரத்தல் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஏன் நிறுத்துகிறது என்று கேட்டால் உடம்பு சூடேறிவிடும், அதனால்தான் என்று பல வழிகாட்டிகள் இன்றும் சொல்வார்கள். இந்தக் கதையின் மூலம் 1973-ல் ஹார்வர்டில் நடந்த ஒரு சோதனை. பழக்கப்பட்ட சிவிங்கிப்புலிகளை டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். உடல் வெப்பம் 40.5 டிகிரியைத் தாண்டும் கட்டத்தில் அவை ஓட மறுத்தன. அந்த டிரெட்மில் நிஜ வேட்டையின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது என்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

நாற்பது ஆண்டு கழித்து நமீபியாவில் சிவிங்கிப்புலிகளின் உடம்புக்குள்ளேயே வெப்பமானி பொருத்தி மாதக்கணக்கில் பதிவு செய்தார்கள். துரத்தும்போது சூடு ஏறவே இல்லை. வேடிக்கை அதற்கப்புறம்தான். இரை சிக்கியிருந்தால், ஓட்டம் முடிந்த நாற்பது நிமிடங்களுக்குள் சுமார் 1.3 டிகிரி ஏறியது. தப்பிவிட்டிருந்தால் அரை டிகிரிதான். இரண்டிலும் ஓட்டம் ஒன்றுதானே? அடிபட்டிருந்ததால் ஓடாமல், கூடப்பிறந்தது அடித்த இரையைத் தின்ற விலங்குக்கும் சூடு ஏறியிருந்தது. அப்படியானால் இது ஓட்டத்தின் சூடு இல்லை, யார் வந்து பிடுங்குவார்களோ என்ற பதற்றத்தின் சூடு என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே தின்னும் சிவிங்கிப்புலியைப் பார்த்தவர்களுக்கு இதை நம்புவதில் சிரமம் இருக்காது.

துரத்தப்படும் பக்கத்துக் கதையும் இப்படித்தான் தலைகீழானது. வழிகாட்டிகள் 'டாமி' என்று செல்லமாகச் சொல்லும் தாம்சன் கசெல், இருபது கிலோ சொச்சம் எடையுள்ள சின்ன மான். அதன் மூளைக்கு அடியில் ஒரு விந்தையான குழாய் வேலைப்பாடு உண்டு. இதயத்திலிருந்து மேலே வரும் சூடான ரத்தம் மூளைக்குள் போகும் முன் நூல்நூலான தமனிகளாகப் பிரிந்து ஒரு வலைப்பின்னலாகிறது. அந்த வலை, மூக்கிலிருந்து திரும்பும் ரத்தத்தில் முங்கிக் கிடக்கிறது. மூக்கின் ஈரச் சவ்வில் காற்று பட்டு அந்த ரத்தம் ஏற்கெனவே குளிர்ந்திருக்கும். சூடு ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கைமாறிவிடுகிறது. ஓடும் கசெல்லின் மூளை, அதற்கு வரும் தமனி ரத்தத்தைவிட 2.7 டிகிரி வரை குளிர்ந்திருப்பதை 1972-ல் அளந்தார்கள். உடம்பு கொதித்தாலும் மூளை தப்பும், அதனால் மான் நீண்ட நேரம் ஓட முடியும் என்று பாடப் புத்தகங்களிலும் ஏறிவிட்டது.

அதுவும் ஆய்வுக்கூடத்து உண்மைதான். காட்டில் சுதந்திரமாகத் திரிந்த கறுப்பு வில்டபீஸ்ட்களின் (மாட்டைப் போன்ற பெரிய மான்கள்) மூளையிலும் ரத்தக்குழாயிலும் உணர்கருவி வைத்து 1990-களில் பார்த்தபோது, விரட்டப்பட்டு ஓடுகையில் இந்தக் குளிர்ச்சி நின்றுபோயிருந்தது. கலவரத்தில் நரம்பு மண்டலம், மூக்கிலிருந்து குளிர்ந்த ரத்தம் வரும் அந்தப் பாதையைச் சுருக்கிவிடுகிறது. ஓடாமல், அஞ்சாமல், வெயிலில் சும்மா நிற்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்கிறது. எதற்காக? உடம்பின் வெப்பக் கட்டுப்பாட்டு மையம் இருப்பதும் மூளைக்குள்தான். அதைக் கொஞ்சம் குளிர்வித்துவிட்டால், இன்னும் அவ்வளவு சூடாகவில்லை என்று அது எண்ணிக்கொள்ளும், வியர்வையையும் மூச்சிரைப்பையும் தள்ளிப்போடும். தண்ணீர் மிச்சமாகும். வறண்ட மாதத்தில் ஆற்றங்கரையிலிருந்து தள்ளிப் போய் மேய முடிகிற மானுக்கு அது பெரிய சொத்து.

ஆகவே பன்னிரண்டு மணிக்கு நிழலே இல்லாத புல்வெளியில் ஒரு கசெல் வெறுமனே நிற்கக் கண்டால், 'ஒன்றுமில்லை, போகலாம்' என்று சொல்லிவிடாதீர்கள். வசதிப்பட்டால் விடுதிச் சாப்பாட்டை விட்டுவிட்டு உணவுப் பொட்டலத்தோடு வெளியிலேயே இருக்கலாம்.

அந்நேரத்தில் யானைகள் குடை வேல மரத்தடியில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும், காதுகள் மட்டும் ஆடும். ஆப்பிரிக்க யானையின் இரு காதுகளும் சேர்ந்தால் உடற்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மெல்லிய தோலுக்கடியில் தடித்த ரத்தக்குழாய்கள். விசிறியும் அதுவே, ரேடியேட்டரும் அதுவே. யானைக்கு வியர்வைச் சுரப்பி கால் நகங்களையொட்டி மட்டும்தான் உண்டு, ஆகவே வியர்வையை வெளியிலிருந்து கொண்டுவந்து பூசிக்கொள்கிறது. சேற்றுக் குளியல் அதுதான். அதன் தோலில் கண்ணுக்குத் தெரியும் சுருக்கங்களுக்குள் நுண்ணிய வெடிப்புகளின் வலை இருக்கிறது. வழவழப்பான பரப்பைவிட ஐந்து முதல் பத்து மடங்கு நீரை அது பிடித்துவைக்கிறது என்று ஜெனீவா ஆய்வாளர்கள் 2018-ல் காட்டினார்கள். ஆசிய இனமான நம்மூர்க் கோயில் யானையின் தோலில் இவ்வளவு வெடிப்பு இராது.

வரிக்குதிரையின் வரிகளும் குளிர்ச்சிக்குத்தான் என்று ஒரு கருத்து உண்டு. தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களுக்கு வரித்தோல் போர்த்தி வெயிலில் வைத்துப் பார்த்தார்கள், பயனில்லை. கடிக்கும் ஈக்கள் வரியில் சரியாக இறங்க முடியாமல் தடுமாறுகின்றன என்பதற்குத்தான் இப்போது சான்று வலுவாக இருக்கிறது. ஈ என்றதும் ஒன்று: ரத்தம் குடிக்கும் செட்சி ஈக்களுக்கு நீலமும் கறுப்பும் பிடிக்கும். ஜீன்ஸை விடுதியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வெயில் சாயும்போது ஓடைக் குளங்களில் நீர்யானைகள் உறுமத் தொடங்கும். பகலெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தது தோலைக் காக்கத்தான். வெளியே தெரியும் முதுகில் செம்மஞ்சளாக ஒரு கசிவு மின்னும். ரத்தம் என்று பதற வேண்டாம். 2004-ல் ஜப்பானிய வேதியியலாளர்கள் அதிலிருந்து பிரித்தெடுத்த இரு நிறமிகளும் வெயிலை உறிஞ்சித் தோலைக் காக்கின்றன, ஒன்று பாக்டீரியாவையும் தடுக்கிறது.

மாலை ஆறு, அங்கே 'சா கூமி நா ம்பிலி', மணி பன்னிரண்டு. பூங்காவுக்குள் இருட்டில் சுற்ற அனுமதியில்லை, டிரைவர் வண்டியைத் திருப்புகிறார். பின்னால் முதல் நீர்யானை கரையேறுகிறது, புல் மேய.