யாரும் கேட்காத பழைய கார்: வாங்கி விற்கலாமா?

பழைய அம்பாசிடரையோ பிரீமியர் பத்மினியையோ வாங்கிச் சரிசெய்து விற்கப் போகிறவருக்கு நான் சொல்ல அதிகமில்லை. கல்யாண ஊர்வலம், சினிமா வாடகை, தாத்தா ஓட்டிய வண்டி என்கிற பாசம் என்று ஏதோ ஒரு வழியில் அதற்கு ஆள் வந்துவிடும். எனக்குக் கவலை அடுத்த வகை. ஸ்டாண்டர்ட் 2000, ஸ்டாண்டர்ட் கெஸல், பிரீமியர் 118 என்.இ., சிப்பானி டால்பின் மாதிரி, வந்த காலத்திலேயே பெரிதாக ஓடாத அல்லது பின்னால் மறக்கப்பட்ட கார்கள். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை ஏதாவது ஒரு வீட்டுக் கொட்டகையில் இப்படி ஒன்று நிற்கும். விலை குறைவாக இருக்கும். "அண்ணே, ரொம்ப அபூர்வமான வண்டி, எடுத்துப் பெயின்ட் அடிச்சுத் தள்ளினா நல்ல லாபம் நிக்கும்ல?" என்று போன் வரும்.

ராமநாதபுரத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். வாங்குவதற்கு முன்னால் வண்டியைப் பார்த்துச் சொல்லும் வேலையும் செய்கிறேன். அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 'அபூர்வம்' பற்றி. ஒரு கார் இன்று குறைவாக இருக்கிறதென்றால் இரண்டு காரணம் இருக்கலாம். நிறைய ஓடி அழிந்திருக்கலாம். அல்லது ஆரம்பத்திலேயே யாரும் வாங்காமல் போயிருக்கலாம். ஸ்டாண்டர்ட் 2000 இரண்டாவது ரகம். சென்னைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985-ல் கொண்டு வந்த கார் அது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. ஐரோப்பாவில் 1977-ன் சிறந்த கார் என்று விருது வாங்கிய வடிவம், இன்றைக்கும் பார்க்க அழகுதான். ஆனால் உள்ளே வைத்தது பழைய ஸ்டாண்டர்ட் வான்கார்டு காலத்து வம்சத்தில் வந்த 1991 சி.சி. எஞ்சின். அந்தக் கனத்துக்கு அந்த எஞ்சின் போதவில்லை, பெட்ரோல் மட்டும் குடித்தது, விலையும் அதிகம். மாருதி வந்து ஊரே சின்ன காருக்குத் திரும்பியிருந்த நேரம் வேறு. சில வருடங்களில் உற்பத்தி நின்றுவிட்டது. இன்று அந்தக் காரைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ரொம்பக் கொஞ்சம் பேர், அவர்களில் பெரும்பாலோருக்கு ஒருவரையொருவர் தெரியும். உங்கள் வண்டி அவர்களில் ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால் மற்றவர்களுக்கும் அது தெரிந்துவிடும்.

அதனால் வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே அந்த ஆட்களிடம் பேசுங்கள். அதே மாடல் வைத்திருக்கும் நாலு பேரைத் தேடிப் பிடித்து, கடைசியாக எந்த வண்டி எவ்வளவுக்குக் கைமாறியது என்று கேளுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் விலையை நம்ப வேண்டாம். அது கேட்கிற விலை. ஒரே விளம்பரம் ஒரு வருஷமாகத் தொங்குவதையும் பார்த்திருக்கிறேன். சினிமாவுக்கு வாடகைக்கு விடலாம் என்றும் சிலர் கணக்குப் போடுகிறார்கள். எண்பதுகளில் நடக்கும் கதை என்று காட்டப் படக்காரர்களுக்குப் பத்மினி போதும், பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும். 118 என்.இ.-யைப் பார்த்து எத்தனை பேருக்குக் காலம் புரியும்?

கைமாறிய விலை தெரிந்தபின் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக்குச் சொல்கிறேன். நல்ல நிலையில் ஓடும் வண்டி 2,50,000 ரூபாய்க்குப் போகிறது என்று வையுங்கள். டிங்கர் வேலை (துருப்பிடித்த தகடுகளைச் சரிசெய்வது) 80,000, பெயின்ட் 45,000, எஞ்சினும் பிரேக்கும் 40,000, டயர் பேட்டரி 25,000, ஆர்.சி. புதுப்பித்துப் பெயர் மாற்ற 15,000, ரெக்கவரி வண்டி வாடகை 10,000. மொத்தம் 2,15,000. மிச்சம் 35,000. விற்கிறவர் கேட்பது 60,000 என்றால் கையைக் கடிக்கும் வியாபாரம் என்பது முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அம்பாசிடரில் செலவு கூடினால் விற்கிற விலையையும் கொஞ்சம் ஏற்றலாம். ஆள் கேட்காத காரில் அது நடக்காது. நீங்கள் மூன்று லட்சம் இறைத்தாலும் வாங்குகிறவர் அவர் மனதில் இருக்கும் விலையைத்தான் சொல்வார்.

இதில் டிங்கர் செலவுதான் நம் கடற்கரையில் எல்லாக் கணக்கையும் கவிழ்க்கிறது. கோயம்புத்தூரில் ஒருவர் "இந்த வண்டி இருபது வருஷமா ஓடவே இல்ல, ஷெட்டுலயே நின்னது" என்றால் அது பெருமை. மண்டபத்திலோ உச்சிப்புளியிலோ ஒருவர் அப்படிச் சொன்னால் எனக்கு வயிறு கலங்கும். ஓடும் வண்டி வெயிலில் காயும், மழையில் கழுவப்படும். ஓலைக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நின்ற வண்டிக்குள் உப்புக் காற்றின் ஈரம் புகுந்து அங்கேயே தங்கிவிடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடலோரத்தில் வீட்டு ஜன்னல் கம்பி எப்படி ஆகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தம், மெல்லிய துணி, டார்ச், ஸ்குரூ டிரைவர், ஜாக்கி எடுத்துக்கொள்ளுங்கள். காந்தத்தைத் துணியில் சுற்றி மட்கார்டின் கீழ் ஓரம், கதவின் அடிப்பகுதி, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். தகடு இருந்தால் பிடிக்கும். வழுக்கி விழுந்தால் உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள். பிறகு கதவைத் திறந்து நாலு முறை வேகமாக ஆட்டுங்கள். சரசரவென்று உள்ளே மணல் ஓடும் சத்தம் கேட்டால், கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் எப்போதோ அடைத்துவிட்டன என்று அர்த்தம். மணலும் உப்புத் தண்ணீரும் வருஷக்கணக்கில் அங்கே ஊறியிருக்கும். மிதியடியைத் தூக்கித் தரையைப் பாருங்கள். ஸ்டெப்னி குழிக்குள் கைவிட்டுத் தடவுங்கள். தகடு இலை இலையாக உரிந்து வந்தால் மேற்கொண்டு பார்ப்பதே நேர விரயம்.

கெஸல் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அது ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் வாரிசு, 1972 முதல் 1977 வரை வந்தது. உடம்பு தனி, அடியில் சேஸ் என்கிற இரும்புச் சட்டம் தனி. மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சேஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகள் போயிருந்தால் வண்டி போனதுதான். ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் நன்றாக மூடிய கதவு தூக்கியதும் இடித்தால் அடியில் உயிர் இல்லை. டால்பின் என்றால் காந்தத்துக்கு வேலை இல்லை, உடம்பு முழுக்க ஃபைபர். "துருவே பிடிக்காதுண்ணே" என்று விற்கிறவர் சொல்வது பாதி நிஜம். மீதிப் பாதி சேஸில் இருக்கிறது, குனிந்துதான் பார்க்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தை வெளியூர் மெக்கானிக்குகள் யோசிப்பதே இல்லை. நம் ஊரில் பல இடங்களில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான். அதில்தான் காரைக் கழுவியிருப்பார்கள், அதையே ரேடியேட்டரிலும் ஊற்றியிருப்பார்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்தைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டியிருந்தால் உள்ளேயும் அதுதான். 118 என்.இ.-க்கு ஃபியட் 124-ன் உடம்பு, நிசான் ஏ12 எஞ்சின். நல்ல எஞ்சின், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எஞ்சினின் மேல் பாகமான ஹெட் அலுமினியம், கீழ்ப் பாகமான பிளாக் இரும்பு. உப்புத் தண்ணீரில் அலுமினியம் ஹெட்டில் தண்ணீர் ஓடும் ஓட்டைகளைச் சுற்றி அரித்துவிடும், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட்டை மாற்றினாலும் ஒழுகல் நிற்காது. ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமல் "எஞ்சின் ஸ்டார்ட் ஆகுது" என்பதை மட்டும் வைத்து விலை பேசாதீர்கள்.

உதிரி பாகத்தில் எல்லோரும் எஞ்சினைப் பற்றியே கேட்கிறார்கள். எஞ்சினுக்கு ஏதாவது வழி பண்ணிவிடலாம். லேத்தில் கடையலாம், வேறு வண்டியின் பிஸ்டன் பொருந்துமா என்று அளந்து பார்க்கலாம். முன் கண்ணாடி, பின் விளக்கு, ரப்பர் பீடிங், கதவுக் கைப்பிடி, மீட்டர் பலகை, இவற்றில்தான் வேலை மாதக்கணக்கில் நிற்கும். கன்டெஸாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் மைலேஜ் இல்லை என்று ஒதுக்கப்பட்ட வண்டி, இன்று இளைஞர்கள் துரத்துகிறார்கள். அது மீண்டு வந்ததற்கு அழகு ஒரு காரணம். 1800 இசுசு எஞ்சின் அம்பாசிடரிலும் வந்ததால் சாமான் கிடைத்தது இன்னொரு காரணம். கெஸலுக்கு இங்கிலாந்திலிருந்து டிரையம்ப் ஹெரால்டு சாமான்களை வரவழைக்கலாம். கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்தால் சாமான் விலையைத் தாண்டும், கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். டால்பின்காரருக்கு அப்படி ஒரு வழி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இன்னொரு டால்பினை வாங்கிப் பிரிப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி.

சரி, காகிதத்துக்கு வருவோம். கீழக்கரையில் ஒரு வீட்டில் 118 என்.இ. ஒன்று பார்க்கப் போனேன். வண்டி எதிர்பார்த்ததை விட நன்றாக இருந்தது. ஆர்.சி. அந்த வீட்டுப் பெரியவர் பெயரில். அவர் காலமாகிவிட்டார். பிள்ளைகளில் ஒருவர் துபாயில், ஒருவர் மலேசியாவில், மகள் சென்னையில். வீட்டிலிருந்த தம்பி, "காக்கா சொல்லிட்டாங்க, நீங்க எடுத்துட்டுப் போங்க, பேப்பர் பின்னாடி பார்த்துக்கலாம்" என்றார். காக்கா என்றால் அங்கே அண்ணன். என்னை அழைத்துப் போனவர் பணத்தை எடுக்கப் பைக்குள் கைவிட்டுவிட்டார். நான் தடுத்தேன். உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் படிவம் 31-ல் வாரிசு ஒருவர் பெயருக்கு மாற வேண்டும், அதற்கு மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அதன் பிறகுதான் படிவம் 29, 30 போட்டு உங்கள் பெயருக்கு வரும். அவர்களில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் நீங்கள் செலவு செய்து மினுக்கிய வண்டி யாருடையது?

இன்னொன்று, சேஸ் எண். கடற்கரை வண்டிகளில் எண் பொறித்த இடமே துருவில் தின்னப்பட்டிருக்கும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள், எல்லா எழுத்தும் வர வேண்டும். வராவிட்டால் ஆர்.டி.ஓ. ஆய்வில் நின்றுவிடும். அனுமதி இல்லாமல் மறுபடி பொறிப்பது குற்றம், "நம்ம ஆள் ஒருத்தர் பஞ்ச் பண்ணிடுவாரு" என்கிறவரிடம் போகவே வேண்டாம். டி.என். எண் வரிசைக்கு முந்தைய, கையால் எழுதிய ஆர்.சி.யாக இருந்தால் அது அரசின் 'வாகன்' கணினிப் பதிவில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கதையையும் காகிதத்தையும் ஒட்டிப் பார்ப்பது நல்லது. "1974 மாடல், வாங்கின நாள்லேர்ந்து ராமேஸ்வரத்துலதான் ஓடுது" என்று ஒருவர் சொன்னார். பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988-ல். அதற்கு முன் தீவுக்குள் கார் உருண்டு வர வழியே கிடையாது. ஆர்.சி.யைப் புரட்டினால் அதுவரை மதுரை முகவரி.

கட்டணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவு புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி இருபது வருஷம் தாண்டிய காருக்குக் கட்டணமே 10,000 ரூபாய், பசுமை வரி தனி. 50 வருஷம் தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருந்தால் 2021-ல் வந்த விதிப்படி வின்டேஜ் பதிவு வாங்கலாம். எண்ணில் 'வி.ஏ.' என்று வரும், கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. பழைய கெஸல்கள் இப்போது இந்த வயதைத் தொடுகின்றன. விற்கும்போது 'வின்டேஜ்' என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பராமரிப்பு மாதிரித் தேவைகளுக்குத்தான் அதைச் சாலையில் எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தேவிபட்டினம் போக நினைப்பவர் அந்த வண்டியை வாங்க மாட்டார். இதையே தொழிலாகச் செய்யப் போகிறீர்கள் என்றால் 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் லாபத் தொகையில் 18 சதவீதம் கட்ட வேண்டும்.

அப்புறம் பெட்ரோல். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் அதில் ஊறிக் கெட்டுவிடும். விற்பதற்கு முன் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. மாற்றாமல் விட்டால் வாங்கியவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் போன் வரும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு "அப்ப வாங்கவே கூடாதா அண்ணே?" என்பார்கள். வாங்கச் சொன்ன வண்டிகளும் உண்டு. பரமக்குடிப் பக்கம் உள்ளே தள்ளி ஒரு தோட்டத்து வீட்டில் இருந்த கெஸல். சேஸ் கெட்டி, கண்ணாடிகள் முழுசு, விளக்கு நான்கும் மூலச் சாமான், ஆர்.சி. உயிரோடு இருந்தவர் பெயரில். எஞ்சின் மட்டும் ஜாம். என்னிடம் கேட்டவர் திருச்சியில் அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, இந்த நிலையில் இருந்தால் எடுத்துக்கொள்வேன் என்ற வாக்கையும் வாங்கி வைத்திருந்தார். ஒரு டப்பா பெயின்ட் கூட அடிக்க வேண்டாம் என்றேன். எஞ்சினைப் பிரித்து ஓட வைத்து, துருவைச் சுரண்டிக் காட்டிவிட்டு அப்படியே கொடுத்தார். இந்த மாதிரிக் கார் வாங்குகிறவர்களுக்குப் புதுப் பெயின்ட் என்றாலே சந்தேகம், அடியில் என்ன இருக்கிறதோ என்று. அந்தப் பணமாவது மிஞ்சும்.

முன்பணம் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டால் சீட்டில் சேஸ் எண், எஞ்சின் எண், ஆர்.சி.யில் இருக்கும் பெயர், பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துத் தரும் தேதி, தராவிட்டால் பணம் திரும்பும் தேதி எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். வண்டியைக் கொண்டுவந்த பின் வைப்பதற்குக் கடலிலிருந்து தள்ளி ஒரு கூரையும் பார்த்து வையுங்கள். விற்க ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். அந்த வாடகையை மேலே போட்ட கணக்கில் நான் சேர்க்கவில்லை.