மைக்ரோநீட்லிங்: நுண்ணூசிக் குத்து

கோவை ஆர்.எஸ்.புரத்திலும் ஈரோட்டுப் பெருந்துறை ரோட்டிலும் தோல் கிளினிக் பலகைகளில் இந்தச் சொல் அப்படியே தமிழ் எழுத்தில் நிற்கிறது: மைக்ரோநீட்லிங். சில இடங்களில் மைக்ரோ நீடிலிங். பார்லர்களில் இன்னும் சுருக்கம், ‘ரோலர் உருட்டறது’. பருத்தழும்போடு வருகிறவர் பெரும்பாலும் கேட்கிற கேள்வி இது: “ஏனுங்க, மூஞ்சிக்கு ஊசி போட்டா குழி ரொம்பிடுங்களா?”

சொல்லைப் பற்றிய குழப்பம் முழுவதும் இந்தக் கேள்வியில் இருக்கிறது. தமிழில் ‘ஊசி போடுவது’ என்றால் மருந்து உள்ளே போகிறது. காய்ச்சலுக்குப் போடுவது, மாட்டுக்குப் போடுவது எல்லாம் அந்த வகை. மைக்ரோநீட்லிங்கில் ஊசிக்குள் மருந்து கிடையாது. மருந்து போக ஓட்டையே கிடையாது, அது கெட்டி ஊசி. குத்துவதுதான் சிகிச்சை: சிறு ஊசிகளால் தோலைக் குத்திவிட்டால், அது ஆறும்போது நெய்கிற புது நார் தழும்பைத் தணிக்கிறது. ‘காது குத்து’ என்பதில் உள்ள குத்து; ‘பச்சை குத்துதல்’ என்பதில் உள்ள குத்து. ‘போடு’ என்ற வினையை எடுத்துவிட்டு ‘குத்து’ என்ற வினையை வைத்தால் பாதி விளக்கம் முடிந்துவிடுகிறது.

‘மைக்ரோ’ கிரேக்கத்தில் சிறியது என்று பொருள்படும் ‘மிக்ரோஸ்’ வழி வந்தது. மைக்ரோமீட்டரில் வரும் கணக்கு மைக்ரோ அல்ல. இங்கே ஊசியின் நீளம் 0.2 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். ‘நீடில்’ பழைய ஆங்கிலச் சொல். அதன் அடிவேர் நூற்பது, தைப்பது என்ற பொருளுக்குப் போகிறது. தமிழ் ‘தை’யும் இதே போக்கில்தான் நிற்கிறது: துணியைத் தைப்பதும் தைப்பது, காலில் முள் ஏறினாலும் ‘முள் தைத்துவிட்டது’. ஊசி பழந்தமிழிலேயே உடம்புக்கு வந்துவிட்டது. சேரர்களைப் பாடும் பதிற்றுப்பத்தில் ‘நெடுவெள்ளூசி’ என்றொரு சொல் உண்டு. போரில் கிழிந்த மார்பைத் தைக்கும் ஊசி, மீனுக்காகக் குளத்தில் மூழ்கி எழும் சிரல் பறவை போலத் தோலுக்குள் போய் வெளியே வருகிறது. அந்த மார்பில் வடு நிற்கிறது. அங்கே தைத்து வடு உண்டாக்கிய ஊசி, இங்கே வடுவை ஆற்றக் குத்துகிறது.

கூட வரும் இரண்டு சொற்களையும் பார்த்துவிடலாம். ஊசி பதித்த உருளையான டெர்மாரோலரில் உள்ள ‘டெர்மா’ கிரேக்கத்தில் தோல். ‘உரி’ என்னும் பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து பிறந்தது. தமிழிலும் ‘உரிவை’ என்றால் உரித்த தோல். அடுத்தது ‘கொலாஜன்’. கிரேக்கத்தில் ‘கொல்லா’ என்றால் பசை. மாட்டுத்தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்தால் பசை கிடைக்கும். ஆசாரிகள் மரத்தை ஒட்டிய வச்சிரம் அதுதான். ஈரோட்டுத் தோல் தொட்டிகளில் பதனிடுவதும் இந்தக் கொலாஜனைத்தான். உயிரோடு இருக்கும் தோலில் இது கயிறு கயிறாகப் பின்னிக் கிடந்து தோலைத் தாங்குகிறது. பருவால் அந்தப் பின்னல் அறுந்த இடம் குழியாக இறங்குகிறது.

இந்த முறை ஒரே நாளில் வந்ததல்ல. 1995-ல் ஓரென்ட்ரைக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர்கள், தழும்பை அடியில் பிடித்து இழுக்கும் நாரை ஊசியால் அறுத்துவிடும் முறையை எழுதினார்கள். 1997-ல் கமிரான், டூசே என்ற இருவர் பச்சை குத்தும் மிஷினை மை இல்லாமல் தழும்பின் மேல் ஓட்டி, அது தணிவதைக் காட்டினார்கள். நம் மொழியில் சொன்னால் பச்சை இல்லாத குத்து. கேப் டவுனைச் சேர்ந்த பிளாஸ்டிக் சர்ஜன் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் உருளையில் ஊசிகளைப் பதித்து இன்றைய ரோலருக்கு வழி போட்டார். அவர் வைத்த பெயரைத் தமிழாக்கினால் ‘தோல்வழிக் கொலாஜன் தூண்டல்’ என்று வரும். துல்லியமான பெயர்தான், ஆனால் வாயில் நிற்காது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பேனா வகைக் கருவி ஒன்றைப் பருத்தழும்புக்கு முதன்முதலில் அனுமதித்தது 2018-ல்.

வேலை எப்படி நடக்கிறது? முகத்தோலில் மேல்தோல் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். அதன் கீழே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிப்பில் உள்தோல். கொலாஜன் அங்கே இருக்கிறது. ஊசி அதுவரை போனால் சிறு ரத்தக்குழாய்கள் துளைபடும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் வந்து சேரும், வளரத் தூண்டும் பொருட்களை விடும், நார் நெய்யும் செல்கள் வேலைக்கு வரும். முதலில் மெல்லிய மூன்றாம் வகைக் கொலாஜன், பிறகு மாதக்கணக்கில் அது உறுதியான முதல் வகையாக மாறும். பலன் மூன்று முதல் ஆறு மாதத்தில் தெரிவதற்குக் காரணம் இந்த மாற்றம்தான். ‘அம்மி கொத்துறது மாதிரிங்களா’ என்று கேட்பார்கள். கொத்தின அம்மி கொத்தினபடியே இருக்கும். தோல் தன் காயத்தைத் தானே மூடும். மூடும்போது நெய்கிற நார்தான் நமக்கு வேண்டியது.

வழக்கமான மருத்துவ ரோலரில் 192 ஊசிகள். ஒரே இடத்தில் பதினைந்து முறை உருட்டினால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 250 துளைகள் விழும். உருட்டுவதற்கு முன் முகத்தைக் கழுவி, லிடோகெயினும் பிரிலோகெயினும் தலா 2.5 சதவீதம் கலந்த மரப்புக் கிரீமைத் தடிப்பாகப் பூசி 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் விடுவார்கள். இந்தக் காத்திருப்பில் அவசரப்படும் இடங்களில்தான் ‘வலி தாங்கலைங்க’ என்று பாதியில் எழுந்து வருகிறார்கள். பிறகு கிரீமைச் சுத்தமாகத் துடைத்தெடுக்க வேண்டும். மிச்சம் இருந்தால் ஊசி அதையும் உள்ளே தள்ளிவிடும். கிருமிநாசினி தடவி, சலைனில் துடைத்து, ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, மறு கையால் மேலும் கீழும், இடமும் வலமும், பிறகு இரண்டு குறுக்காகவும் ஒவ்வொரு திசையிலும் நாலைந்து முறை உருட்டுவார்கள். தோல் தளர்ந்து கிடந்தால் குழியின் அடிப்பகுதிக்கு ஊசி போகாது, விளிம்பில் மட்டும் குத்திவிட்டுப் போகும்.

நிறுத்த வேண்டிய இடத்தைக் கண்ணே சொல்லும். குண்டூசி முனையளவு ரத்தப் பொட்டுகள் சீராகப் பூத்து நிற்கும், வியர்வை அரும்புவது போல. அதுதான் எல்லை. சலைனில் நனைத்த துணியை வைத்தால் சில நிமிடத்தில் நின்றுவிடும். பொட்டுகள் சேர்ந்து ஒழுகினால் அழுத்தம் கூடிப்போயிற்று என்று அர்த்தம்.

ஆழம் எல்லா இடத்துக்கும் ஒன்றல்ல. கன்னத்துத் தழும்புக்கு 1.5 மில்லிமீட்டர் சாதாரணம். நெற்றி, நெற்றிப்பொட்டு, தாடை விளிம்பு போல எலும்பு மேலே தெரிகிற இடங்களில் குறைத்தாக வேண்டும். குறைக்காமல் அழுத்தி ஓட்டினால் ஊசி வரிசை அப்படியே தண்டவாளம் மாதிரி இணைகோடுகளாக நின்றுவிடும். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிட்டிங் மிஷினில் ஒரே ஒரு ஊசி வளைந்தாலும் துணி நெடுக நீடில் லைன் விழும் அல்லவா, அதே கதை. துணியை செகண்ட்ஸில் தள்ளிவிடலாம். முகத்தை என்ன செய்வது?

பேனா வகையில் மோட்டார் இருக்கிறது. காட்ரிட்ஜில் ஒன்பதோ, பன்னிரண்டோ, முப்பத்தாறோ ஊசிகள் நேராக இறங்கி ஏறும். ரோலர் சாய்ந்து நுழைந்து சாய்ந்து வெளியேறுவதால் வாயருகே தோலைச் சற்றுக் கிழிக்கும்; பேனாவில் அது குறைவு. மூக்கோரம், உதட்டுக்கு மேலே என்று உருளை திரும்பாத இடங்களுக்கும் பேனாதான் தோது. காட்ரிட்ஜ் ஒருவருக்கு ஒருமுறை மட்டும். உறையைக் கண்முன்னே பிரிக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஊசிமுனை மழுங்கினால் குத்தாது, கிழிக்கும். மழுங்காவிட்டாலும் அடுத்தவர் ரத்தம் அதில் இருக்கிறது. தன் ரத்தத்திலிருந்து எடுத்த தட்டணுத் திரவத்தைக் குத்தின முகத்தில் பூசுவதை ‘வேம்பயர் ஃபேஷியல்’ என்கிறார்கள். நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமமில்லாத ஸ்பா ஒன்றில் இதைச் செய்துகொண்டவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-ல் அறிக்கையாகவே வெளியிட்டது. அங்கே சமையலறை ஃப்ரிட்ஜில் சாப்பாட்டோடு பெயர் எழுதாத ரத்தக் குழாய்கள் இருந்தன.

ஆன்லைனில் வாங்கி வீட்டில் உருட்டும் 0.2, 0.3 மில்லிமீட்டர் ரோலர்கள் உள்தோலின் விளிம்பைத் தொட்டாலே அதிகம். சீரம் சற்றுக் கூடுதலாக இறங்கும், அவ்வளவுதான். தழும்புக் குழிக்கு அதில் பலன் எதிர்பார்க்க முடியாது. பலன் இல்லையே என்று 1.5 வாங்கி வீட்டுக் கண்ணாடி முன் நின்று உருட்டுவதுதான் ஆபத்து. இன்னொரு தப்பும் அடிக்கடி நடக்கிறது. குத்தின கையோடு வைட்டமின் சி சீரம் பூசுவது. மேல்தோலில் பூச என்று தயாரித்த பொருள் துளைவழி உள்ளே போனால் உடம்பு அதை அந்நியமாகப் பார்த்துச் சிறு சிறு கட்டிகளாகத் தடித்துக்கொண்ட நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மஞ்சள், தேங்காயெண்ணெய், கற்றாழைச் சாறு எல்லாவற்றுக்கும் இதே விதி. அன்றைக்கு வேண்டாம், அம்மிணி.

எல்லாக் குழிக்கும் இது மருந்தில்லை. அலை போல மேடுபள்ளமாக இருப்பது நன்றாகக் கேட்கும். விளிம்பு செங்குத்தாக, அடி தட்டையாக இருப்பது ஓரளவு. ஆணி இறங்கிய மாதிரி வாய் சிறுத்து ஆழமாகப் போவது பெரும்பாலும் கேட்காது. அதற்கு அமிலத்தைத் துளைக்குள் மட்டும் தொட்டுவைக்கும் முறை வேறு இருக்கிறது. தோலை இழுத்துவிட்டுப் பார்த்தாலும் குழி மறையாவிட்டால் அடியில் நார் கட்டிப் பிடித்திருக்கலாம், அதை முதலில் அறுத்துவிட வேண்டும்.

யாருக்குக் கூடாது என்பதற்கு நம் ஊரில் ஒரு பழைய சோதனை கையோடு இருக்கிறது: காது குத்தின இடத்தைப் பாருங்கள். அங்கே உருண்டையாகத் தடித்து வளர்ந்திருந்தால் இந்தக் குத்து வேண்டவே வேண்டாம், முகத்திலும் அப்படி வளரலாம். சீழ்ப்பரு இருக்கும்போது உருட்டினால் கிருமியை முகம் முழுக்க விதைத்த மாதிரி. மருவும் அப்படியே பரவும். வெண்புள்ளி, சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் குத்தின வரிசையிலேயே புதிதாகக் கிளம்பக்கூடும். உதட்டோரக் கொப்புளம் அடிக்கடி வருகிறவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் தடுப்பு மாத்திரை தருவார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரும் கட்டுக்குள் வராத சர்க்கரை உள்ளவரும் மருத்துவரைக் கேட்காமல் படுக்கையில் ஏறக்கூடாது.

மாநிறத் தோலுக்கு உள்ள பெரிய பயம் காயத்துக்குப் பின் படரும் கருமை. லேசரை விட இதில் அது குறைவு, ஏனென்றால் சூடு இல்லை, மேல்தோல் உரிவதில்லை. ஆனால் மறுநாளே தோட்டத்துக்குப் போய் வெயிலில் நின்றால் கருக்காமல் என்ன செய்யும்? சிவப்பு இரண்டு மூன்று நாள் இருக்கும். அந்த நாட்களில் பஞ்சுமில் தூசி, சாயப்பட்டறை ஆவி, மேக்கப் மூன்றையும் தள்ளிவைக்க வேண்டும். ரெட்டினால், அமிலக் கிரீம்கள் ஒரு வாரத்துக்கு. எஸ்.பி.எஃப். 30-க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன் மறுநாள் முதல் தவறக்கூடாது.

ஒரு முறைக்கும் அடுத்ததற்கும் நாலு முதல் எட்டு வாரம் இடைவெளி. மூன்று நான்கு முறையாவது வேண்டும். தை முகூர்த்தத்துக்கு மார்கழியில் வந்து கேட்கிறார்கள். ஆவணியில் தொடங்கினால்தான் கார்த்திகைக்குள் நாலு முறை முடித்து, மார்கழியை ஆறவிட்டு, தையில் போய் நிற்கலாம்.

இனித் தமிழ்ச்சொல். ‘நுண்’ணோடு ‘ஊசி’ சேரும்போது தனிக்குறிலுக்குப் பின் நிற்கும் ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். ஆகவே நுண்ணூசி. ‘நுண்ஊசி’, ‘நுண் ஊசி’ என்று உடைத்து எழுதத் தேவையில்லை. கருவிக்கு இது போதும். செயலுக்குத்தான் தகராறு. ‘நுண்ணூசிச் சிகிச்சை’ பிழையில்லை, ஆனால் மருந்தேற்றும் ஊசி என்ற எண்ணத்தை அது போக்காது. மருந்து தடவிய நுண்ணூசிப் பட்டைகள் வேறு வந்திருக்கின்றன, அவற்றோடும் குழம்பும். ‘நுண்துளையிடல்’ சுவரில் டிரில் போடுவது போல ஒலிக்கிறது, ஊசியும் காணாமல் போய்விடுகிறது. ‘பண்டுவம்’ நல்ல சொல், ‘நுண்ணூசிப் பண்டுவம்’ என்று எழுதினால் தலையாட்டலாம், ஆனால் அதுவும் வினையைச் சொல்லவில்லை. நாம் எடுப்பது ‘நுண்ணூசிக் குத்து’. நீளமாக, அலுவல் நடையில் வேண்டுமென்றால் ‘நுண்ணூசிக் குத்தல் முறை’. ரோலர் ‘ஊசியுருளை’, பேனா ‘ஊசிப்பேனா’. ரேடியோ அலைச் சூடு சேர்ந்த வகை ‘வானலை நுண்ணூசிக் குத்து’. இதை மட்டும் ‘கதிரியக்க ஊசி’ என்று எழுதிவிடாதீர்கள். கதிரியக்கம் யுரேனியத்தின் வேலை.

ஒப்புதல் படிவத்தில் எழுதும்போது இப்படி வரும்: ‘பருத்தழும்புக்காக இரு கன்னங்களிலும் 1.5 மி.மீ., நெற்றியில் 0.5 மி.மீ. ஆழத்தில் நுண்ணூசிக் குத்து, நான்கு வார இடைவெளியில் நான்கு முறை.’ வாய்ப்பேச்சில், ‘ஊசி போடறதில்லீங்க, ஊசியால குத்தறது.’