குழவியை நிறுத்தி, கல்லைச் சுற்றவிட்ட ஊர்

ஆட்டாங்கல்லில் கல் அசையாது, குழவிதான் சுற்றும். வலது கை குழவியைச் சுழற்ற, இடது கை விளிம்புக்கு ஏறிவரும் மாவைத் திரும்பத் திரும்பக் குழிக்குள் தள்ளும். கிரைண்டரில் இது தலைகீழ். அடிக்கல்லும் டிரம்மும் சுற்றும். குழவி பிடிக்குள் நின்ற இடத்திலேயே உருளும். இடது கையின் வேலையை, ஓரத்தில் அசையாமல் நிற்கும் ஒரு பலகை பார்த்துக்கொள்ளும். சுற்றிவரும் மாவு பலகையில் முட்டி, தானாகவே குழவிக்கு அடியில் போய் விழும். 1955-ல் கோவையில் பி.சபாபதி இதை அறிமுகப்படுத்தியதாகச் சொல்வார்கள். ‘கோயமுத்தூர் வெட் கிரைண்டர்’ 2005-06-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

கோவைக்கு மோட்டார் புதிதல்ல. 1930-களிலேயே நீலகிரியின் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்துவிட்டது. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தார்கள். கவலை (மாடு இழுக்கும் ஏற்றம்) கட்டி மாட்டை முன்னும் பின்னும் ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த குடியானவர், பம்புசெட்டைக் கண்டதும் அதிகம் யோசிக்கவில்லை. கிணறு ஆழமாகிக்கொண்டே போனது, மாடும் ஆளும் கட்டுப்படியாகவில்லை, தண்ணீர் என்றால் காசு. அதே வீட்டு அடுக்களைக்கு மோட்டார் வரப் பல வருடங்கள் பிடித்தன. “கையில ஆட்டுனாத்தானுங்க ருசி” என்று அதிகம் சொன்னவர்கள், ஒருநாளும் ஆட்டாத ஆண்கள்தான் என்பது என் கணிப்பு.

ஆனால் ஆட்டியவர்களே சொன்ன குறை ஒன்று உண்டு. அதை அப்படித் தள்ளிவிட முடியாது. மிக்ஸி வந்தபோது சட்னிக்கு அதை உடனே சேர்த்துக்கொண்ட அம்மிச்சிமார் (பாட்டிமார்), இட்லி மாவுக்கு மட்டும் கிட்டே விடவில்லை. “மாவு வெந்து போயிருமுங்க கண்ணு” என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மிக்ஸியின் கத்தி நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்று வரை போகும். 300 வாட் அளவுக்கு ஆற்றல் மாவுக்குள் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். மூன்று நிமிடத்தில் 54 கிலோஜூல். ஒரு கிலோ மாவின் சூடு ஏறத்தாழ 16 பாகை கூடிவிடும். 30 பாகையில் ஊறிக் கிடந்த அரிசி 46-க்குப் போகிறது.

அரிசியின் மாவுச்சத்து வேக 65, 70 பாகை வேண்டும். ஆகவே ‘வெந்து போகும்’ என்பது சரியில்லை. ஆனால் கெடுதல் நடப்பது நிஜம். மாவைப் பொங்க வைப்பதில் முக்கியப் பங்கு லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. உளுந்திலேயே ஒட்டிக்கொண்டு வரும் அதற்கு 20 முதல் 30 பாகை வரை சுகம். 40-ஐத் தாண்டினால் தளர்ந்துவிடும். சூடான மாவை அப்படியே பாத்திரத்தில் ஊற்றி மூடிவைத்தால், அது தலையெடுக்கும் முன் புளிப்பை மட்டும் கொடுக்கும் மற்ற வகைகள் முந்திக்கொள்ளும். மாவு புளிக்கும், பொங்காது.

இன்னொன்று, உளுந்தின் வழவழப்பு. அதிலுள்ள புரதமும் பசையும் சேர்ந்துதான் காற்றைச் சின்னச் சின்னக் குமிழிகளாகப் பிடித்து வைக்கின்றன. கத்தி பருப்பை வெட்டும். கல் நசுக்கி, இழுத்து, மடித்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் காற்றையும் உள்ளே அனுப்பும். கல் மெதுவாகச் சுற்றுவதால் சூடு கல்லுக்கும் டிரம்முக்கும் பரவி ஆறிவிடுகிறது. கிரைண்டர் நம்மூரில் நின்றதற்குக் காரணம் எனக்கு இதுதான்: அது கல்லை விடவில்லை. மிக்ஸியை விட்டால் வழியில்லாத வீடுகளில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, விட்டுவிட்டு அரைக்கிறார்கள். அதுவும் அதே வெப்பக் கணக்குக்குக் கண்ட வழிதான்.

எல்லாக் கல்லும் ஆகாது. கோவை கிரைண்டருக்கு ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல்தான் பேர்போனது (வெண்ணெய்க்கும் அதே ஊர்). சீக்கிரம் தேயாமலும் மண் உதிராமலும் இருக்க வேண்டும். தேய்ந்து வழுவழுப்பானால் அரிசி பிடிபடாமல் வழுக்கிக்கொண்டே சுற்றும். “அம்மி கொத்தலையோ, ஆட்டாங்கல் கொத்தலையோ” என்று தெருவில் வந்தவர்கள் உளியால் போட்ட புள்ளிகள் தானியத்தைப் பிடித்து நிறுத்தும் பள்ளங்கள். மோட்டார் வந்தபிறகும் கிரைண்டர் கல்லைக் கொத்த ஆள் தேடினார்கள்.

தோட்டத்து வீடுகளில் பெரிய தொல்லை லோ வோல்டேஜ். மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிப்படி குறையும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் 61 சதவீதம்தான் மிஞ்சும். விளக்குப் போடும் நேரத்தில் கிரைண்டர் உறுமும், சுற்றாது. அதனால் பகலிலேயே ஆட்டி வைத்தார்கள். வெறும் டிரம்மை ஓடவிட்டு, அரிசியைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டார்கள். மோட்டாரைக் கிளப்பிவிடும் கப்பாசிட்டர் போய்விட்டால் டிரம்மைக் கையால் ஒரு தள்ளு. வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஒற்றைப் பேஸ் மோட்டாரின் காந்தப்புலம், எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு சமமான புலங்களைப் போல வேலை செய்கிறது. நின்ற நிலையில் எந்தப் பக்கமும் ஜெயிக்காது. தள்ளிவிட்டால் தள்ளிய பக்கமே ஓடும். தப்பான பக்கம் தள்ளினால் பலகை மாவைக் குழவிக்குத் தள்ளாது.

செருப்புப் போட்டுக்கொண்டு சுவிட்சைத் தொட்டதைப் பட்டிக்காட்டுப் பயம் என்று சிரித்தவர்கள் உண்டு. ஈரத் தரை, ஈரக் கை, எர்த் இல்லாத பிளக்: அந்தப் பயத்துக்கு முழுக் காரணம் இருந்தது.

2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது மேசைமேல் வைக்கும் சின்ன ‘டேபிள் டாப்’ கிரைண்டர் குடிசை வரை போனது. அதில் பெரிய குழவிக்குப் பதில் சின்ன உருளைக் கற்கள். எடை குறைவு, ஆகவே அழுத்தமும் குறைவு. விசேஷ வீட்டுக்கு இன்னமும் பெரிய கல் கிரைண்டரைத் தேடுவது அதனால்தான்.

கம்பு விஷயத்தில் கிரைண்டரே உதவவில்லை. தண்ணீர் தெளித்துப் பிசிறி உரலில் குத்தினால் தோல் கழன்று வரும்; அங்கே வேண்டியது உரசலும் குத்தும், அரைப்பு இல்லை. கம்மஞ்சோறு ஆக்குபவர்கள் இப்போது ஈரக் கம்பை மிக்ஸியில் போட்டு, நொடிக்கொரு தடவை திருகி நிறுத்தி, முறத்தில் புடைத்து உமியைத் தள்ளுகிறார்கள். இட்லி மாவுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய கத்தி இங்கே உலக்கைக்குப் பதில் நிற்கிறது. கூட நாலு திருகு திருகினால் குருணை மாவாகிவிடும், சோறு களியாகிவிடும்.