புள்ளிகளில்தான் இருக்கிறது படம்

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் புளூரேயில் போட்டதும், திரை முழுக்க மணல் தூவியதுபோல நுண்புள்ளிகள் அலையும். பிரிண்ட் சரியில்லை என்று பலர் அப்போதே முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கோ அந்த மணலைக் கண்டால்தான் நிம்மதி.

ஃபிலிமில் படம் என்பதே அந்தப் புள்ளிகள்தான். ஒளிபட்ட வெள்ளி உப்புப் படிகங்கள், டெவலப் செய்யும்போது வெள்ளித் துகள்களாகின்றன. வண்ண ஃபிலிமில் வெள்ளியை நீக்கிவிடுவார்கள், அந்த இடத்தில் சாயத் திட்டுகள் நிற்கும். ஃபிரேமுக்கு ஃபிரேம் படிகங்கள் வேறு வேறு இடத்தில் கிடக்கும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும்போது கண் அவற்றைச் சேர்த்தே பார்க்கிறது. அதனால், நிறுத்திவைத்த ஃபிரேமில் மங்கிக் கிடக்கும் இமைமுடி, படம் ஓடும்போது தெளிந்துவிடும்.

டிஸ்க் தயாரிப்பவருக்கு இதுவே தலைவலி. வீடியோவைச் சுருக்கும் முறை, ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே மாறியதை மட்டும் சேமித்து இடத்தை மிச்சம் பிடிக்கிறது. புள்ளிகளோ ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுகின்றன. மூன்று மணி நேரப் படத்தை 4.7 ஜிபி டிவிடியில் அடைக்க வேண்டுமென்றால் என்ன செய்வது? மென்பொருளை வைத்துப் புள்ளிகளைத் துடைத்துவிடுகிறார்கள். புள்ளி எது, தோலின் நுண்துளை எது என்று அதற்குத் தெரியாது. முகம் மெழுகுப் பொம்மையாகிறது, பட்டுப்புடவையின் நெசவு காணாமல் போகிறது. அப்புறம், போன கூர்மையை ஈடுகட்ட விளிம்புகளைச் செயற்கையாகத் தீட்டுவார்கள். வானத்தை ஒட்டிய கோபுர விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். வழக்கமான 35 மி.மீ.-ஐவிட அகலமான, அதனால் நுணுக்கம் கூடிய 65 மி.மீ. ஃபிலிமில் எடுத்த 'பேட்டன்' (1970) என்ற ஹாலிவுட் படத்துக்கே இந்த கதி நேர்ந்தது. 2008 புளூரேயில் துடைத்தெடுத்த முகங்களைப் பார்த்து ரசிகர்கள் கொதித்தார்கள். 2012-ல் புதிய பதிப்பு வந்தது.

ஒலிக்கும் இதே கதைதான். பழைய பிரிண்டில் படத்துக்குப் பக்கத்திலேயே ஒலி மெல்லிய பட்டையாக ஓடும். விளக்கொளி அதன் வழியே ஒளிமின்கலத்தில் விழ, ஒளியின் ஏற்ற இறக்கம் ஒலியாகிறது. அங்கே தூசியோ கீறலோ இருந்தால் படபடவென்று பொரியும். ஃபிலிமின் துகள்களே 'உஸ்' என்று இரையும். இந்த இரைச்சல் நம் காதில் உறைப்பது உச்ச அதிர்வெண்களில். சலங்கையும் ஜால்ராவும் வசனத்தின் 'ஸ்' ஒலியும் உயிர்பெறுவது அதே இடத்தில். அதிகமாக வடிகட்டினால் எல்லாம் சேர்ந்தே போகும். அதனால் டிஸ்க் கைக்கு வந்ததும் நான் முதலில் நடனக் காட்சிக்குத் தாவிச் சலங்கையைக் கேட்பேன். வசனம் முடிந்த கணத்தில் அறையின் மெல்லிய இரைச்சலும் சட்டென்று அறுந்தால், அங்கும் கத்தரி போட்டிருக்கிறார்கள்.

சுருதியையும் கவனியுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் காட்டும் டி.வி. முறைக்காகப் படத்தையே வேகமாக ஓட்டிப் பதித்த டிவிடிகள் உண்டு. அவற்றில் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால், பாட்டு ஏறத்தாழ அரைக் கட்டை அளவுக்கு ஏறி ஒலிக்கும்.