சிவப்பு லெட்டூஸ் வளர்க்குறீங்களா? பஞ்சகவ்யா அடிக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

மாடித்தோட்டம் அமைச்சுக் குடுக்குறதும் அப்புறம் மாசம் ஒரு தடவை போய் பாத்துக்குறதும்தான் என் வேலை. போன மார்கழியில கோயம்புத்தூர்ல ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன், அந்த அம்மா வளர்த்த சிவப்பு லெட்டூஸ் அவ்வளவு அழகு, ஓரமெல்லாம் சுருள் சுருளா நல்ல ஒயின் கலர்ல நிக்குது. ஒரு இலைய கிள்ளி என் கையில குடுத்துட்டு, "நேத்து சாயங்காலம்தான் தம்பி பஞ்சகவ்யா அடிச்சேன், பளபளன்னு இருக்குல்ல, சாப்பிட்டு பாருங்க"ன்னாங்க.

நான் சாப்பிடல. ஏன்னு அவங்களுக்கு உக்காந்து சொன்னதைத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா இதே மாதிரி பல வீட்ல பாக்குறேன்.

நம்ம ஊர் கீரைய நாம வேக வைக்கிறோம், கொதிக்குற சூட்டுல கிருமி செத்துடும். லெட்டூஸ அப்படியே பச்சையா சாண்ட்விச்லயும் சாலட்லயும் வச்சு சாப்பிடுறோம். சாணி கரைசல், ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா இதெல்லாம் மாட்டுச் சாணத்தை வச்சுப் பண்றது, மண்ணுக்கு நல்லதுதான், நானே மரங்களுக்கு ஊத்தச் சொல்றவன்தான், ஆனா எந்த நோயும் இல்லாத ஆரோக்கியமான மாட்டோட குடல்லயும் ஈ.கோலை ஓ157ங்கிற கிருமி இருக்கலாம், மாட்டுக்கு அது ஒண்ணும் பண்ணாது, நமக்கு ரத்த பேதி வரும், சின்னக் குழந்தைகளுக்கு கிட்னி வரைக்கும் பாதிக்கும். 2018ல அமெரிக்காவுல அரிசோனா யூமா பக்கம் விளைஞ்ச ரோமைன் லெட்டூஸ் சாப்பிட்டு 36 மாநிலத்துல 210 பேருக்கு நோய் வந்து 5 பேர் இறந்தே போனாங்க, பாசனக் கால்வாய் தண்ணியில அதே கிருமி இருந்துச்சு.

"கழுவிட்டுத்தானே தம்பி சாப்பிடுறோம்"னு அந்த அம்மாவும் கேட்டாங்க. கழுவினா குறையும், முழுசா போகாது. சுருள் இலையோட மடிப்புலயும் வெட்டின வாயிலயும் ஒட்டிக்கிட்டது அவ்வளவு லேசுல வராது.

அமெரிக்க ஆர்கானிக் சட்டத்துல, சாப்பிடுற பாகம் மண்ணுல படுற பயிருக்கு பச்சை சாணம், அதாவது மக்காத சாணம் போட்டா அறுவடைக்கு 120 நாள் முன்னாடியே போட்டு மண்ணோட கலந்துடணும்னு இருக்கு. லெட்டூஸோட மொத்த ஆயுசே நம்ம தொட்டியில 60, 70 நாள்தான், அப்ப பச்சை சாணத்துக்கு இதுல இடமே இல்லைன்னு நீங்களே கணக்கு போட்டுக்கலாம். நல்லா மக்கி மண் வாசனை வர்ற தொழு உரம், மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு இதையெல்லாம் நாத்து நடுறதுக்கு முன்னாடியே செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கூட கலந்துடுங்க. இலை மேல எந்த சாணி கரைசலும் வேண்டாம். தண்ணிகூட பூவாளியில மேல தெளிக்காம அடியில ஊத்துங்க, மண் இலையில தெறிக்காது.

இன்னொண்ணு, பூனை. கோகோபீட் போட்ட குரோ பேக், அதாவது செடி வளர்க்குற பை, பூனைக்கு கக்கூஸ் மாதிரி, நோண்டி போயிட்டு மூடிட்டுப் போயிடும், நமக்குத் தெரியவே தெரியாது. அதுல டாக்ஸோபிளாஸ்மாங்கிற ஒட்டுண்ணி வரலாம், வீட்ல கர்ப்பமா இருக்குறவங்க இருந்தா ரொம்ப கவனம், தொட்டி மேல வலை போட்டுடுங்க.

சரி, வளர்க்குற விஷயத்துக்கு வர்றேன். சமவெளியில ஐப்பசி கடைசில இருந்து தை வரைக்கும் விதைக்கலாம். "விதை முளைக்கவே இல்ல, ஏமாத்திட்டாங்க"னு நிறைய பேர் சொல்றாங்க, பெரும்பாலும் விதை மேல தப்பில்லை, 30 டிகிரி தாண்டினா லெட்டூஸ் விதை தூங்கிடும். ஈரத் துணியில மடிச்சு ஒரு நாள் ஃப்ரிட்ஜுல வச்சுட்டு புரோட்ரேல (நாத்து விடுற குழித் தட்டு) தூவுங்க, ஆழமா புதைக்காதீங்க, வெளிச்சம் பட்டாத்தான் நல்லா முளைக்கும். மூணு வாரத்துல நாலஞ்சு இலை வந்ததும் 20 சென்டிமீட்டர் இடைவெளியில நடுங்க.

சிவப்பு வராம பச்சையாவே நிக்குதுன்னா மேல ஷேட் நெட் இருக்கான்னு பாருங்க. அந்த சிவப்பு ஆந்தோசயனின்ங்கிற நிறமி, வெயிலும் குளிரும் சேர்ந்தாத்தான் செடி அத நல்லா உண்டாக்கும். மார்கழி தையில காலை வெயில் நேரா படட்டும், மத்தியானத்துக்கு மட்டும் நிழல் குடுங்க.

விதைச்சு 45 நாள்ல பறிக்கலாம். விடிகாலைல, கையையும் கத்திரியையும் சோப்பு போட்டுக் கழுவிட்டு, வெளி இலைய மட்டும் வெட்டுங்க, நடுவுல நாலஞ்சு இலைய விட்டுட்டா திரும்பத் திரும்ப வரும். நடுத்தண்டு உயரமா எழும்ப ஆரம்பிச்சு, வெட்டினா பால் நிறைய வடிஞ்சு, இலை கசக்குதுன்னா அது பூக்கப் போகுது, அதுக்கு மேல வச்சிருந்து பிரயோஜனம் இல்லை, பிடுங்கிடுங்க. பறிச்சத நல்ல தண்ணியில ஒவ்வொரு இலையா ஓடுற குழாயில காட்டிக் கழுவி, ஈரம் போகத் துடைச்சு, டப்பாவுல துணி விரிச்சு ஃப்ரிட்ஜுல வைங்க, நாலு நாள் மொறுமொறுன்னு இருக்கும்.

அந்த அம்மா அந்த செடியையெல்லாம் அப்பவே பிடுங்கி மக்குக் குழியில போட்டுட்டு, தை முதல் வாரத்துல புதுசா விதைச்சாங்க. மீதி இருந்த பஞ்சகவ்யா கீழ வாழைக்கும் முருங்கைக்கும் வேர்ல போயிடுச்சு.