ஆன்டிடிப்ரசன்ட்னா தூக்க மாத்திரை இல்லீங்க

குடியாத்தத்துல எங்க சின்னம்மா பீடி சுத்துற முறத்துக்கு அடியில ஒரு மாத்திரை அட்டை கெடந்துச்சு, 10ல 4தான் காலி. இன்னா சின்னம்மா இதுன்னு கேட்டா "தூக்க மாத்திரைடா, தூக்கம் வராத அன்னிக்கு மட்டும் ஒண்ணு போட்டுக்கினு கீறேன்"னாங்க. திருப்பிப் பாத்தா எஸ்சிடலோப்ராம், அது மனச்சோர்வுக்குக் குடுக்குற ஒரு ஆன்டிடிப்ரசன்ட். டாக்டர் தினமும் ஒண்ணுன்னு எழுதிருக்காரு, மருந்துக்கடையில யாரோ தூக்க மாத்திரைன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க, அந்த ஒரு வார்த்தையில வைத்தியமே கெட்டுப்போச்சு.

ஆன்டின்னா கிரேக்கத்துல எதிர். டிப்ரஷன் லத்தீன்லருந்து வந்தது, கீழ அமுக்குறதுன்னு அர்த்தம். 1952ல மேக்ஸ் லூரின்னு ஒரு அமெரிக்க டாக்டர் இந்தப் பேர முதல்ல வெச்சது ஐசோனியசிட்ங்கற மருந்துக்கு, அது வேற ஒண்ணும் இல்ல, நம்மூர்ல இன்னிக்கும் டிபிக்கு குடுக்குற அதே மாத்திரைதான்! அதே வருஷம் நியூயார்க் பக்கம் ஒரு டிபி ஆஸ்பத்திரியில இப்ரோனியசிட்னு அதோட சொந்தக்கார மருந்து குடுத்தவங்களுக்கு மனசும் தெளிஞ்சு வந்துச்சு, அதுலருந்து கெளம்பின வழி இது.

டிப்ரஷன தமிழ்ல மன அழுத்தம்னு எழுதுறாங்க, லத்தீன் அர்த்தத்துக்கு அது பக்கத்துல வருது, ஆனா நாம வேலை டென்ஷன், பரீட்சை டென்ஷனையும் மன அழுத்தம்னுதான் சொல்றோம், அப்ப ரெண்டும் ஒண்ணாயிடுது. வாரக்கணக்குல எதுலயும் பிடிப்பு இல்லாம, சாப்பாடு எறங்காம, எழுந்து மொகம் கழுவக்கூட முடியாம கெடக்குறதுக்கு மனச்சோர்வுதான் சரியான சொல். புத்தகத்துல மனச்சோர்வு நீக்கின்னு போடுறாங்க. எனக்கு அந்த நீக்கி ஒத்துக்கல, தலைவலி மாத்திரை மாதிரி போட்டவுடனே நீங்கிடும்னு நெனைக்க வெக்குது. நம்ம ஜனங்க சக்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரைன்னு நோய் பேர வெச்சுதான சொல்றாங்க? அப்ப மனச்சோர்வு மாத்திரைன்னே சொல்லலாம். பதட்டம், படபடப்புக்கும் இதே மாத்திரைங்களத்தான் எழுதுவாங்க, அவங்க பதட்ட மாத்திரைன்னு சொல்லிக்கட்டும்.

இது வேலை செய்ய 2லருந்து 4 வாரம் ஆகும், முழுசா தெரிய இன்னும் கொஞ்சம் நாள். முதல் வாரம் சிலருக்கு குமட்டும், படபடப்பு கூட ஏறும், அங்கதான் நெறய பேரு விட்டுடறாங்க. 25 வயசுக்கு உள்ள இருக்குறவங்கள ஆரம்பத்துல வீட்ல ஒருத்தர் கூடவே இருந்து பாத்துக்கணும், சாகணும்னு பேச்சு வந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும், அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் 14416க்கு போன் போட்டாலும் தமிழ்ல பேசுவாங்க. நல்லாயிட்ட பிறகும் கொறஞ்சது 6 மாசம் போடணும். திடீர்னு நிறுத்துனா சிலருக்கு தலை சுத்தும், ஒடம்புக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கும், அது அடிமையாயிட்டதால இல்ல, டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும் அவ்ளோதான்.

வேலூர் பாகாயத்துல 1957லருந்து சிஎம்சி ஆஸ்பத்திரியோட மனநல மையம் இருக்குது, இவ்ளோ வருஷம் ஆகியும் "பாகாயம் போனியா"ன்னா இங்க திட்டுற மாதிரிதான் கேக்குறாங்க, அது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு.

சின்னம்மாவ மறுபடி டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போயி முதல்லருந்து ஆரம்பிச்சோம். இப்ப அந்த அட்டை முறத்துக்கு அடியில இல்ல, அலமாரியில சித்தப்பாவோட சக்கரை மாத்திரை பக்கத்துல இருக்குது.